ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படித்து முடித்திருக்கிறாள். ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சு, மொழிக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் பேச்சு மொழி நிபுணர், ஆக வேண்டும் என்று சொல்கிறாள். பள்ளியில் உளவியல் எடுக்கச் சொல்கிறார்கள். தமிழாசிரியர் மொழியியல்தான் பொருத்தம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தாய்மாமன், "எந்தப் பட்டம் வேண்டுமானாலும் படிக்கட்டும், முதுகலையில் மாறிக்கொள்ளலாம்" என்கிறார். இதில் எது சரி? கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் சொல்கிறேன்.

அம்மா, மூன்று பேரும் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகள் இந்தியாவில் படித்து இங்கேயே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றால், அவர்கள் சொன்ன மூன்று வழியும் அங்கே போய்ச் சேராது. இங்கே இதற்கு ஒரே வாசல்தான். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று சொல்வார்கள். செவித்திறனியலையும் பேச்சு மொழி நோயியலையும் சேர்த்துக் கற்பிக்கும் இளநிலைப் பட்டம் அது. மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஆக நான்கு ஆண்டு.

இது கல்லூரிகள் வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை, சட்டம். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி, மன்றம் (ஆர்.சி.ஐ. என்பார்கள், மறுவாழ்வுத் துறைப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு) ஒப்புதல் தந்த படிப்பை முடித்து, மையப் பதிவேட்டில் பெயர் பதிந்தவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். பதியாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உளவியலில் தங்கப் பதக்கம் வாங்கியவருக்கும், மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவருக்கும் அந்தப் பதிவேட்டில் பேச்சு மொழி நிபுணராக இடம் கிடையாது.

முதுகலையில் மாறிக்கொள்ளலாம் என்பதும் இங்கே நடக்காது. இதே துறையின் முதுகலைப் பட்டமான எம்.ஏ.எஸ்.எல்.பி.யில் சேர வேண்டுமானால் பி.ஏ.எஸ்.எல்.பி.யோ, அதற்கு இணையான பழைய பட்டமோ கையில் இருக்க வேண்டும். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு சிகிச்சை மையத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருந்தாள். குழந்தைகளிடம் பழகுவதில் அவ்வளவு கெட்டி. மேலே படிக்க விண்ணப்பித்தபோதுதான் தனக்குத் தகுதியே இல்லை என்பது அவளுக்குத் தெரியவந்தது. அவளை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்து நான்கு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதலாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தாள். படித்து முடித்துவிட்டாள், இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்த ஆறேழு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அந்த மே மாதத்தில் யாராவது ஒருவர் விவரம் சொல்லியிருந்தால் போதுமே என்று அவள் அப்பா அன்று கேட்டார். இந்தப் பதில் இவ்வளவு நீளுவதற்கு அவர்தான் காரணம்.

உங்கள் மகளின் பாடப்பிரிவைப் பற்றிக் கவலை வேண்டாம். மன்றத்தின் விதிப்படி இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவது பாடமாக உயிரியல், கணிதம், கணினி அறிவியல், புள்ளியியல், மின்னணுவியல், உளவியல் இவற்றில் ஒன்று இருந்தால் போதும். சில கல்லூரிகள் உயிரியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை தருவதுண்டு. அதனால் அந்தந்தக் கல்லூரியின் தகவல் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். இயற்பியலும் வேதியியலும் இல்லாத வணிகவியல் போன்ற பிரிவுகளில் படித்த பிள்ளைகளுக்குத்தான் இந்த வாசல் மூடியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் விண்ணப்பிக்க வேண்டும். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இந்தத் துறைக்கு நம் நாட்டில் தாய்வீடு மாதிரி அது. முடிந்தால் அந்தத் தேர்வை எழுதச் சொல்லுங்கள்.

இனி தாய்மாமன் சொன்னது. அவர் இருக்கும் ஊருக்கு அது சரிதான். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு முதுகலைப் பட்டம்தான் அடிப்படைத் தகுதி. இளநிலையில் தொடர்புக் குறைபாட்டியல் (பேச்சு, மொழி, கேட்டல் குறைபாடுகளைப் பற்றிய படிப்பு) படித்தவர்களும் வருவார்கள், மொழியியல், உளவியல், கல்வியியல் படித்தவர்களும் வருவார்கள். வேறு துறையிலிருந்து வருபவர்கள் ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, குழந்தை மொழி வளர்ச்சி போன்ற முன்தேவைப் பாடங்களைத் தனியாக முடித்துவிட்டு முதுகலையில் சேருவார்கள். அங்குள்ள தேசியச் சங்கமான ஆஷாவின் (அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம்) சான்றிதழுக்கு 400 மணிநேர மருத்துவப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணிநேரம் பார்த்துக் கற்பது, மீதி 375 மணிநேரம் நேரடியாகச் செய்வது. அதன்பின் தேசியத் தேர்வும், குறைந்தது 36 வாரம் மேற்பார்வையின் கீழ் முழுநேரப் பணியும் உண்டு. என்றாவது ஒருநாள் மகளுக்கு அங்கே போகும் எண்ணம் வந்தாலும் பி.ஏ.எஸ்.எல்.பி. வீணாகாது. அந்த முன்தேவைப் பாடங்களில் பெரும்பாலானவற்றை அவள் இங்கேயே படித்திருப்பாள். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் அங்கே வேலை செய்யப் போதாது, முதுகலை படித்தாக வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் படித்தால், அவர்கள் பார்க்க வேண்டியது ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பேச்சு மற்றும் செவித்திறன் அறிவியல் பட்டம்.

உளவியலா, மொழியியலா என்ற குழப்பத்துக்கு வருகிறேன். அந்த இரண்டையும் சொன்னவர்கள் ஒரு வகையில் சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு அந்த இரண்டும் வேண்டும். கூடவே உடற்கூறியல், நரம்பியல், ஒலியின் இயற்பியல், புள்ளியியல் எல்லாம் வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி.யின் பாடத்திட்டத்தில் இவை அத்தனையும் இருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதில்லை. வேலையில் இவை எப்படிக் கலந்து வருகின்றன என்பதற்கு ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

நாலரை வயதுப் பையன். தாத்தாவோடு வந்திருந்தான். சிகிச்சை அறை ஜன்னலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. "தாத்தா! தாத்தா!" என்று கையை நீட்டிக் கத்தினான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா, "என்ன ராசா" என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார். பையனுக்கு வந்ததே கோபம். தலையை ஆட்டி, ஜன்னலைக் காட்டி, மறுபடியும் "தாத்தா!" என்றான்.

வீட்டில் அவன் நாக்கில் வசம்பு உரசித் தடவியிருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அவனைச் சற்று நேரம் பேசவிட்டுக் கேட்டேன். கை என்பதைத் தை என்றான். கண் என்பதைத் தண் என்றான். பக்கம் அவன் வாயில் பத்தமாக வந்தது. க என்ற ஒலியை நாக்கின் பின்பகுதி மேலெழுந்து மெல்லண்ணத்தைத் தொட்டுப் பிறப்பிக்க வேண்டும். இவன் பின்னால் பிறக்க வேண்டியதை எல்லாம் முன்னால், நாக்கு நுனியும் பல்லும் சேரும் இடத்தில் பிறப்பித்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில்கூட விதி தவறவில்லை. சோம்பலும் இல்லை, நாக்கில் கோளாறும் இல்லை. ஒலிகளை அவன் மனம் அடுக்கி வைத்திருந்த முறை அப்படி. இதைக் கண்டுபிடிக்க உதவியது மொழியியல். அதற்கு முன்பே காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்தோமே, அது செவித்திறனியல். கேட்காத ஒலியைக் குழந்தை பேச முடியாது, ஆகவே எந்தக் குழந்தைக்கும் முதல் சோதனை காதுதான்.

பிறகு செய்தது எளிய விஷயம். காக்கா படம் ஒன்று, தாத்தா படம் ஒன்று. அவன் எதைக் கேட்கிறானோ அதை எடுத்துத் தருவேன். "தாத்தா" என்றால் தாத்தா படம்தான் வரும். முதல் நாள் படத்தைத் தூக்கி எறிந்தான். மூன்றாவது வருகையில், தாத்தா படத்தைக் கையில் வாங்கியவன், என் வாயையே உற்றுப் பார்த்தான். தான் சொன்னதும் தான் நினைத்ததும் வேறு வேறு என்று ஒரு குழந்தைக்கு உறைக்கும் அந்த நொடி முகத்திலேயே தெரியும். ஆறேழு வாரம் கழித்து ஒரு காலை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "காக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தான். தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெறும் ஆசையோடு மட்டும் வருபவருக்கும் படித்து வந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. படிக்காதவர் அந்தக் குழந்தையை "க சொல்லு, க சொல்லு" என்று நாள் முழுக்கச் சொல்லவைத்திருப்பார்.

இன்னொரு முனையில் முதியவர்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பேச்சை இழந்தவர். ஸ்பூனைக் காட்டினால் பெயர் வராது. மனைவி பெயர் வராது. ஒருநாள் நான் "திண்டுக்கல்" என்று தொடங்கி நிறுத்தினேன். "சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர், பரவை" என்று அவர் வாய் தானாக ஓடியது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த முறை வாடிப்பட்டியில் நிறுத்தி, "இது எந்த ஊர்?" என்று கேட்டேன். வரவில்லை. ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வரிசைப் பேச்சும், தேடி எடுத்துச் சொல்லும் பேச்சும் மூளைக்கு ஒன்றல்ல. முன்னதைக் கைப்பிடியாக வைத்துப் பின்னதை மெல்ல மெல்ல இழுத்து வர வேண்டும். நரம்பியலும் உளவியலும் படிக்காமல் இதைத் தொட முடியாது. பேச்சு மட்டும் இல்லை, பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதிலும் சிக்கல் வரும். ஒரு வாய் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். அதைக் கண்டுபிடித்து, எதை எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று சொல்வதும் இவர்கள் வேலைதான். திக்குவாய், குரல் கெட்டுப்போன ஆசிரியர்கள், அண்ணப் பிளவு, ஆட்டிசம், குரல்வளையை எடுத்துவிட்ட புற்றுநோயாளிகள், காது கேட்பதற்காக அறுவைசிகிச்சையில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தைகள் என்று பட்டியல் நீளும்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், நோயாளிகளின் வரிசையைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்று மருத்துவமனையோடு சேர்ந்த இடங்களில் படிப்பவர்களுக்குக் காது மூக்கு தொண்டை, நரம்பியல், குழந்தைகள் நலம் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் அனுப்பப்படுவார்கள். விழுங்கும் கோளாறையும் மூளை பாதிப்பையும் அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். மருத்துவமனை இல்லாமல் தனியாக நடக்கும் கல்லூரிகளிலும் நல்ல ஆசிரியர்கள் உண்டு. ஆனால் பயிற்சிக்குப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள், அங்கே மேற்பார்வைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், மறுவாழ்வு மன்றத்தின் ஒப்புதல். அது குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது. உங்கள் மகள் சேரும் ஆண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள், கல்லூரி அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஓராண்டு டிப்ளமோ ஒன்றும் இருக்கிறது. நல்ல படிப்புதான், ஆனால் அது உதவியாளர் நிலைக்குத்தான். சில மாதச் சான்றிதழ் தருகிறோம், சிகிச்சை மையம் தொடங்கலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

தமிழாசிரியர் சொன்னதை நான் ஒதுக்கிவிட்டதாக நினைக்காதீர்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும், வேலை முழுவதும் தமிழில் இருக்கும். இடையிலுள்ள பள்ளத்தை மாணவிதான் தாண்ட வேண்டும். ஆங்கிலக் குழந்தைக்காக எழுதப்பட்ட சோதனையை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் ஒன்றும் தெரியாது. நம் குழந்தையிடம் வந்தான், வந்தாள், வந்தது என்று விகுதி மாறுகிறதா, ஐ, கு, இல் என்ற உருபுகள் ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதேபோல வட்டார வழக்கு. மதுரைப் பக்கத்துப் பிள்ளை "வாளைப்பளம்" என்று சொன்னால் அது கோளாறு இல்லை, அவன் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். சென்னைப் பிள்ளை "வாயப்பயம்" என்றாலும் அப்படியே. அதற்குச் சிகிச்சை கொடுக்க உட்கார்ந்தால் அது நம் அறியாமை. தமிழ்ப் பேச்சைக் கூர்ந்து கேட்கும் காதும், நல்ல தமிழ் இலக்கண அறிவும் உள்ள பிள்ளைகள் இந்தத் துறைக்கு எங்களுக்கு வேண்டும். மொழியியலில் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், இந்தப் பட்டத்தை முடித்துவிட்டு, தமிழ்க் குழந்தைகளின் மொழி வளர்ச்சியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டிய வேலை மலையளவு கிடக்கிறது.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், காதுகேள் கருவி நிறுவனங்கள், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (குழந்தைகளின் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் இடங்கள்) என்று இடங்கள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. முதுகலை முடித்து, அனுபவம் ஏறியபின்தான் கை நிறையும். முதுகலையில் பேச்சு, செவித்திறன் இரண்டில் ஒன்றைத் தனியாகப் பிரித்துப் படிக்கவும் முடியும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரே ஒரு காலைப்பொழுது மகளை அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பேச்சு மற்றும் செவித்திறன் பிரிவில், அனுமதி கேட்டு, உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எச்சில் ஒழுகும் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு ஒரே சொல்லை நூறு முறை சொல்ல வேண்டியிருக்கும். அழும் தாய்மார்களிடம், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று பொய் சொல்லாமல் பேச வேண்டியிருக்கும். அதைப் பார்த்த பிறகும் அவள் கண் அங்கேயே நின்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் தயங்கிக் கேட்டதற்கு வருகிறேன். மகளுக்குச் சிறு வயதிலிருந்தே திக்கும், அவள் போய் இன்னொருவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க முடியுமா, கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் அம்மா. திக்குவாய்ச் சிகிச்சையில் இன்றும் நாங்கள் பின்பற்றும் பல உத்திகளை வகுத்தவர் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த சார்லஸ் வான் ரைப்பர். 1905-இல் பிறந்து 1994-இல் மறைந்தார். அவரே திக்கியவர். அங்கேயே அயோவா மாநிலத்தில் இந்தத் துறையை வளர்த்த வெண்டல் ஜான்சனும் திக்கியவர். இருவரும் பேராசிரியர்களாக இருந்தார்கள். திக்கலை ஒளித்து மறைப்பதால்தான் அது இறுகுகிறது என்பதை வான் ரைப்பர் தன் சொந்த வாயிலிருந்தே கற்றுக்கொண்டார். உங்கள் மகளிடம் வரும் ஒரு பத்து வயதுப் பிள்ளை, எதிரே இருப்பவளும் ஒரு சொல்லில் நின்று, பதறாமல் மூச்சை விட்டு, மெல்லத் தொடர்வதைப் பார்க்கும். அந்த இடத்தில் என்னால் கொடுக்க முடியாததை அவள் கொடுப்பாள்.

நேர்முகத்தில் முதல் வாக்கியத்திலேயே, "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் தாருங்கள்" என்று அவள் சொல்லிவிடட்டும். சொல் நின்றால் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அதற்கு இப்போதே ஒரு பழக்கம் செய்யலாம். திக்குபவர்களில் பலருக்கு எல்லாவற்றையும்விடக் கடினம் தொலைபேசி. மேலே சொன்ன கல்லூரிகளுக்குப் போன் செய்து விசாரிக்க இதுவரை நீங்கள்தான் கிளம்பியிருப்பீர்கள். அவள் சம்மதித்தால் அந்த வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியவை நான்குதான்: இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா, கணினி அறிவியல் பிரிவை ஏற்பீர்களா, புறநோயாளிகள் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், கடைசி ஆண்டுப் பயிற்சி எங்கே. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எதிர்முனையில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நான்கையும் அவளே கேட்டு முடிக்கட்டும்.